இதுவரை கண்டதில் குறைவு

இரவு பத்தேகால்.
வெண்ணாற்றுத் தென்கரையில் எங்கள் மின்நிலையம்,
சுற்றிலும் நடவு முடிந்த வயல்.
கண்ட்ரோல் ரூமில் நானும்
மிக்சர் பொட்டலத்தோடு தமீமுன் அன்சாரியும்.

நூற்று இருபத்தைந்து மெகாவாட் வேண்டும்.
இரண்டாம் யூனிட் எழுபத்தொன்று,
மூன்றாம் யூனிட் ஐம்பத்து நாலு,
முதல் யூனிட் நிறுத்தம் என்றது கணினி.
இதைவிடச் செலவு குறையாதாம்.
சத்தியம் பண்ணாத குறை.

சும்மாதான்,
தொடங்கும் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன்.
எண்பத்து நாலு, நாற்பத்தொன்று.
ஒன்பதாயிரம் ரூபாய் மலிவு.
அதற்கும் அதே சத்தியம்.

பாடப்புத்தகத்தில் செலவுக்கோடு ஒரு கிண்ணம்.
எந்த விளிம்பில் கோலியை விட்டாலும்
அடியில் ஒரே இடத்தில் போய் நிற்கும்.
போன மாதம் நாங்கள் அளந்து வரைந்த கோடு அப்படியில்லை.
மதகுப் பலகையை ஒரு சாண் தூக்கியதும்
தண்ணீர் நெரிந்து சுழிக்குமே,
அப்படித்தான் வால்வு லேசாகத் திறக்கையில் நீராவியும்.
கோடு முதுகைத் தூக்குகிறது.
முழுதாய்த் திறந்தால் தணிகிறது.
அடுத்த வால்வு. மறுபடி மேடு.

நாலு பக்கமும் ஏறுமுகம், ஆகவே இதுதான் பள்ளம்
என்று நின்றுவிடுகிறது கணக்கு.
வரப்புக்கு அப்பால்
அரை அடி தாழ்ந்த வயல் இருப்பது
இந்த வயலில் நிற்கும் நீருக்கு எப்படித் தெரியும்?

முதல் யூனிட்டின் கதை வேறு.
எழுப்ப மூன்று லட்சம்.
எழுந்தால் நாற்பதுக்குக் கீழே ஓடாது.
பூஜ்யத்துக்கும் நாற்பதுக்கும் நடுவே
ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கலாம்,
மேலிடத்தில் இழுத்தும் இருக்கிறார்கள்.
அந்தக் கோட்டின்மேல் நின்று
எந்த எந்திரமும் ஓடியதில்லை.
விலை அங்கிருந்து வருகிறது.
நஷ்டத்துக்கு மட்டும் எங்கள் முகவரி.

"மேடம், இன்னும் நம்பர் வரலியே?"
போனில் லோட் டெஸ்பாட்ச்.
இன்னும் பதினெட்டு முறை ஓட்டினேன்.
அறுபத்திரண்டு, எழுபத்தொன்று, எண்பத்து நாலு,
ஒருமுறை விடையே இல்லை.
எண்பத்து நாலைவிட மலிவாய் எதுவும் வரவில்லை.
வரவில்லை என்பது
இல்லை என்பதாகாது.

அனுப்பினேன்.
தமீம் விரலைத் துடைத்துக்கொண்டு லோடு ஏற்றினார்.
மூன்றாவது வால்வு கொஞ்ச நேரம் சீறி
முழுதாய்த் திறந்ததும் அடங்கியது.

பதிவேட்டில் 'குறைந்தபட்சச் செலவு' என்று அச்சிட்ட கட்டம்.
அச்சை அடித்துவிட்டு எழுதினேன்:
இதுவரை கண்டதில் குறைவு.
அதற்கு மேல் அங்கே இடமில்லை.

பத்தரைக்கு மும்முனைக் கரண்ட்.
வெளியே, இருட்டில், யாருடையதோ ஒரு மோட்டார்
இரண்டு முறை இருமிவிட்டுப்
பிடித்துக்கொண்டது.