பிட்னாவுக்குப் பிடிக்கவில்லை

குத்தாயிசியில் மூன்றாம் நாளாகப் பனி.
டயர்க் கடைக் கணினி
எழுந்து உட்கார இருபது நிமிடம்;
அதற்குள் ஜும்பெர் இரண்டு சக்கரம் மாற்றிவிடுவார்.
மேடேறும் லாரிபோல் விசிறி உறுமும்.
அதன் தலைமேல் பிட்னா,
சாம்பல் பூனை,
கூட்டல் கழித்தலில் குளிர்காயும்.

"குப்பையில் போடு" என்றார் ஜும்பெர்.
நான் பென்டிரைவைச் செருகினேன்.
வட்டில் இருப்பதெல்லாம் அழிக்கலாமா
என்று கேட்டது, மரியாதையாகத்தான்.
கடன் வைத்தவர்கள் பெயரை மட்டும்
நோட்டில் எழுதிக்கொண்டு
ஆம் என்றேன்.

இப்போது லினக்ஸ்.
இருக்கிற ஐநூற்றுப் பன்னிரண்டு எம்பியில்
பாதிகூடத் தொடுவதில்லை.
பட்டனை அழுத்திக் கையுறை கழற்றுமுன்
திரை வந்து நிற்கிறது.
விசிறி மூச்சுவிடுவதில்லை.
"ஓடுதா?"
இன்ஜினுக்குப்போலக் காதை வைத்தார் ஜும்பெர்.

பிட்னா ஏறியது.
ஒரு சுற்று சுற்றியது.
பாதம் வைத்தது, எடுத்தது.
வட்டியை ஏற்றிய வங்கிக்காரரைப்போல
என்னை ஒரு பார்வை.
இறங்கிப் போய்
ஜும்பெரின் மடியில் படுத்துக்கொண்டது.

அவருக்குப் பூனையே ஆகாது.
அரைமணி நேரமாக
அசையாமல் இருக்கிறார்.
வாசலில் பஞ்சரான பேருந்து
ஹாரன் அடிக்கிறது.