பாலம் ஏறி நிற்கும் நேரம்

எங்களுக்கு ஒரே கார்.
அவனோடு வரும், என்னோடு போகும்.
ஐந்தே முக்காலுக்கு ஓரின் உள்ளே நுழைந்தால்
ஆறேகாலுக்கு நான் வெளியே.
நடுவில் கிடக்கும் அந்த அரை மணிதான்
செவ்வாய் முதல் வெள்ளி வரை
எங்கள் கல்யாணம்.

அதற்குள் அடங்குவதைத்தான் சமைக்கிறேன்.
ஈஸ்ட் பொங்கி எழும்வரை காத்திருக்க
என்னிடம் ராத்திரி இல்லை.
ராத்திரியை மருத்துவமனைக்கு விற்றாயிற்று,
ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டும் வேலைக்கு.

ஆகவே
ஒரு கோப்பை மைதா, அதே கோப்பையில் தயிர்,
பேக்கிங் பவுடர்
டப்பாவின் அடியில் தட்டினால் விழுகிற அளவு.
மாவு முதலில் கையை விடாது.
கொஞ்சம் பொறுத்தால்
போதும் உன் கை என்று தானே விலகும்.
உருட்டுக்கட்டை எந்த இழுப்பறையிலோ.
ஒயின் பாட்டிலால் தேய்த்தேன்.
கண்ணாடியில் புடைத்திருந்த திராட்சைக் கொத்து
ஒரு ரொட்டியின் முதுகில்
அரைகுறையாய்ப் பதிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அது முழுக் கோழி.
நேற்று சூப்.
இன்று எலும்போரம் மிஞ்சியதை
நார் நாராகப் பிய்க்கிறாள் டில்டா,
கிண்ணத்துக்கு ஒன்று வாய்க்கு ஒன்று.
பாப்ரிகா, பூண்டுத் தூள், எலுமிச்சை பாதி.
இரும்பு வாணலி புகைகிறது.
ரொட்டி விழுந்ததும் முகமெல்லாம் கொப்புளம்.
"ஏழு," என்றாள். எண்ணுவது அவள் உத்தியோகம்.
"இல்லை, எட்டு. ஒன்று வெடித்துவிட்டது."

அப்போதுதான் கப்பல் கூவியது.
நீளம், குட்டை, நீளம், குட்டை.
பாலம் அதே தாளத்தில் பதில் சொன்னது.

டுலூத் நகரத்தின் காலடியில்
ஏரிக்குள் நீண்ட மணல் நாக்கில் குடியிருக்கிறோம்.
ஊருக்குள் போக ஒரே வழி.
கப்பல் வந்தால் அந்த வழியும்
ஆகாயத்துக்குப் போய்விடும்.
ஆயிரம் அடி நீளத்துக்கு இரும்புத்தாது சுமப்பவனுக்கு
ஆறேகால் என்றால் என்ன, ஏழேகால் என்றால் என்ன.

ஓரின் அனுப்பியிருந்தான்:
அக்கரையில் இருக்கிறேன். எனக்கு முன்னால் பதினான்கு கார்.

அடுப்பை அணைத்தேன்.
மூன்று ரொட்டி, மேலே கோழி,
வினிகரில் ஊறிய வெங்காயம்,
சுருட்டி அலுமினியத் தாளில் மடித்து
டில்டாவின் கோட்டுக்குள் திணித்தேன்.
"சுடுது!"
"நல்லதுதானே," என்றேன். வெளியே நவம்பர்.

இக்கரையிலிருந்து பார்த்தால்
அக்கரை பச்சையாக இல்லை.
சிக்னல் சிவப்பு,
வரிசையாய் மஞ்சள் முகவிளக்குகள்.
அதில் எது அவன் என்று தெரியவில்லை.
நடுவே ஒரு தெருவே நகர்வதுபோல் கப்பல்.
தளத்தில் நின்ற ஒருவனுக்கு
டில்டா தாள் சுற்றிய ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள்.
அவன் குவளையைத் தூக்கினான்.

பாலம் இறங்கியது, மெதுவாக,
வேண்டுமென்றே என்று எனக்குத் தோன்றியது.
பதினான்கு கார்களை விட்டுவிட்டு
பதினைந்தாவதை நிறுத்தினோம்.

ஆறு நிமிடம்.
கண்ணாடியெல்லாம் ஆவி.
கியர் மேல் வெங்காயத் தண்ணீர் சொட்டியது.
நாள் எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை,
எல்லார் வாயும் நிறைந்திருந்தது.
ஓரின் ரொட்டியைத் திருப்பிப் பார்த்தான்.
"இது என்ன, திராட்சையா?"
தலையாட்டினேன்.
என் முழங்கையிலிருந்த மாவைத்
தன் சட்டைக் கையால் துடைத்தான்.
பிறகு அவர்கள் இறங்கி நடந்தார்கள்,
நான் ஸ்டியரிங்குக்கு மாறினேன்.
இருக்கை அவன் காலுக்கு ஏற்றபடி
பின்னால் தள்ளியே இருந்தது.
பாலத்தைத் தாண்டும்வரை இழுத்துவிடவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு படம் வந்தது.
மீந்த மாவில் அவன் சுட்டது.
ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை மாவு,
விளிம்பில் டில்டாவின் பல் தடம்.
கீழே எழுதியிருந்தான்:
கொப்புளம் இரண்டுதானாம்.