வலஞ்சுழி

ரிவியேர்-து-ரெம்பார் பக்கம் ஒரு சர்க்கரை ஆலை.
இரவு ஷிஃப்ட். சோதனைக்கூடத்தில்
சோடியம் விளக்கு மட்டும்.
அந்த மஞ்சளில் என் சிவப்பு வளையல் கறுப்பு.

இருபது சென்டிமீட்டர் கண்ணாடிக் குழாய்.
ஈய உப்பிட்டுத் தெளியவைத்து, வடிகட்டி,
குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பிய கரும்புச் சாறு.
பக்கத்தில் வைத்தால் தண்ணீர் எது, சாறு எது
என்று தெரியாது.
ஒளிக்குத் தெரியும்.
ஒரே தளத்தில் அதிர்ந்தபடி
நூல் பிடித்த மாதிரி உள்ளே போகும்.
வெளியே வரும்போது அதே நிறம், அதே நேர்கோடு,
தோளை மட்டும் வலப்பக்கம்
கொஞ்சம் திருப்பிக்கொண்டிருக்கும்.
எவ்வளவு சர்க்கரையோ அவ்வளவு திருப்பம்.
அந்தக் கோணத்துக்குத்தான் இங்கே காசு.

ஜன்னலுக்கு வெளியே மிஸ்யே பஜனியாண்டி.
பழனியாண்டி என்று கப்பலேறிய பெயர்
பதிவேட்டின் மையைக் கடந்தபோது இப்படி வளைந்ததாம்.
அந்த ழகரம் எத்தனை பாகை விலகியது
என்று அளந்தவர் யாருமில்லை.

மூன்று ஆர்ப்பாங் கரும்பு.
புதன்கிழமை வெட்டினார்.
வியாழக்கிழமை ஆலையின் உருளை உடைந்தது.
ஞாயிறு வரை முற்றத்தில், லாரியிலேயே,
நவம்பர் வெயிலில்.

சீட்டைப் பார்த்தார்.
ஒரு கரணையைக் கடித்துச் சவைத்துத் துப்பிவிட்டு
கிரியோலில் கேட்டார்:
"தித்திக்கிறதே, பிறகென்ன?"

தித்திக்கும். முன்னைவிடத் தித்திக்கலாம்.
காத்துக்கிடந்த சர்க்கரை இரண்டாக உடைகிறது;
அதில் ஒன்று ஒளியை இடப்பக்கம் இழுக்கிறது.
நாக்குக்கு அந்த வழக்கெல்லாம் கிடையாது.
இதை எந்த மொழியில் சொல்ல?

உள்ளே வாருங்கள் என்றேன்.
கண்வில்லையில் ஒரு வட்டம், நடுவே கோடு,
ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி மங்கல்.
"இரண்டும் ஒரே மங்கலாகும் இடத்தில் நிறுத்துங்கள்."
கத்தி பிடித்துக் காய்த்த விரல்கள்
குழந்தையின் மூக்கைப் பிடிப்பதுபோலத்
திருகியைப் பிடித்தன.
மூச்சை அடக்கிக்கொண்டு
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.

"இங்கே."

அவர் நிறுத்தியது என் எண்ணுக்கும் கீழே,
பத்தில் இரண்டு குறைவாக.
நான் முன்பே, யாரும் கேளாமல்,
சேர்த்து எழுதியிருந்த பத்தில் இரண்டு அது.

"எவ்வளவு?"

சீட்டில் இருந்ததையே படித்தேன்.
"அப்போ சரி" என்று
தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

குழாயைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன்.
பூஜ்யம் சரிபார்க்க வேண்டும்.
ஒளி நேரே வந்தது,
ஒன்றும் சொல்லாமல்.