பதினெட்டு கிலோ வரை

பழைய சீட்டின் விலாவில் மஞ்சள் லேபல்:
பதினெட்டு கிலோ வரை.
அதற்குக் கீழே இன்னொரு வரி உண்டு,
அதன்மேல் ஒரு நாய்க்குட்டி ஸ்டிக்கர்.

லாரி வராத ஞாயிறு ஒன்றில்
மில் எடைப்பாலத்தில் லவனிஷாவை நிற்க வைத்தேன்.
இருபது இருபதாக எண்ணுகிற தராசு அது.
முதலில் சைபர் காட்டியது.
"அப்பா, நான் இல்லையா?"
குதித்தாள்.
இருபது என்றது.
அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

திங்கட்கிழமை கிளினிக்கில் பதினேழு நானூறு.
அறுநூறு கிராம் மிச்சம் இருக்கிறது என்றேன்.
தவமலர் என்னைப் பார்க்கவில்லை,
பிள்ளையின் தோளைப் பார்த்தாள்.
வார் புறப்படும் துளையைத் தாண்டி
நான்கு விரல் வளர்ந்திருந்தது தோள்.
காது, சீட்டின் விளிம்புக்கு வந்திருந்தது.
"கிலோவை மட்டும் எண்ணிக்கிட்டு இருங்க."

பீடோர் பெரிய சாலையில்
கோழி பிஸ்கட் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில்
பிள்ளைச் சாமான் கடை.
ஷாஹிரா என்ற பெண் இரண்டை இறக்கிக் காட்டினாள்.
ஒன்று வெறும் பலகை மாதிரி, நூற்று ஐம்பத்தொன்பது ரிங்கிட்,
கார் பெல்ட்டையே குறுக்கே போட்டுக்கொள்ளலாம்.
இன்னொன்று ஐந்து வார் உள்ளது,
இருபத்தைந்து கிலோ வரை, அறுநூற்று எண்பது.
என் கண் எதன்மேல் போனது என்று
சொல்லத் தேவையில்லை.

ஷாஹிரா பலகையை எங்கள் மைவியில் வைத்து
லவனிஷாவை உட்காரச் சொன்னாள்.
செருப்பு கீழே விழுந்தது, குனிந்தாள்.
பெல்ட் தோளைவிட்டு நழுவியது.
செருப்பை எடுத்தாள்,
மறுபடி வேண்டுமென்றே போட்டாள்.
"தூங்குவாளா காரில்?"
"ஈப்போ போறதுக்குள்ள ரெண்டு தூக்கம்" என்றாள் தவமலர்.
ஷாஹிரா பலகையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.
அவ்வளவுதான் பேச்சு.

பிறகு, பழையதைத் தந்தால்
ஐம்பது ரிங்கிட் கழிவு உண்டு என்றாள்.
தவமலர் முகம் மலர்ந்தது.
"பெர்னா லங்கார்?"
எங்கேயாவது இடித்ததுண்டா என்று
வழக்கமாகக் கேட்கிற கேள்வி,
பேனாவைக்கூட நிமிர்த்தாமல் கேட்டாள்.
"இல்ல" என்று ஆரம்பித்தாள் தவமலர்.

தீபாவளிக்கு முந்தின வாரம்.
தாப்பா முச்சந்தி.
நான் போனில் இருந்தேன், திடீரென்று பிரேக் போட்டேன்,
பின்னால் வந்த ஹைலக்ஸ் நிற்கவில்லை.
பின்சீட்டில் பிள்ளை இல்லை, சீட் மட்டும் இருந்தது.
பட்டறையில் பம்பரை மாற்றிவிட்டு
மில்லில் லாரி ரிவர்சில் உரசியது என்றேன் வீட்டில்.
சீட்டைத் தட்டிப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.
ஏழு மாதம் அதில்தான் அவளை உட்கார வைத்தேன்.

"அடா" என்றேன் ஷாஹிராவிடம்.
"உண்டு" என்றேன் தமிழில், யாருக்கென்று தெரியாமல்.

தவமலர் கைப்பையைத் திறந்தாள்.
சீட்டுப் பணத்தில் சீட் வாங்கினாள்.
திரும்புகையில் பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்தாள்.
நான் முன்னால் தனியாக,
வாடகைக் காரோட்டி போல.
"அம்மா, செம்பனை உச்சி தெரியுது!"
புதிய சீட் உயரம்.
யாரும் பதில் சொல்லவில்லை,
பிறகு தவமலர் மட்டும் "ஆமாம்" என்றாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செபமாலை
பழையதைத் தன் பேத்திக்குக் கேட்டார்.
இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.
இந்தத் தடவை போனையும் சேர்த்து.
குப்பையிலிருந்து யாரும் எடுத்துவிடக் கூடாது,
மட்டை வெட்டுகிற அரிவாளால் வாரை அறுத்தேன்.
லேசில் அறுபடவில்லை.
அறுபடக் கூடாதென்றே நெய்த வார்.
மூன்றாவது இழுப்பில்தான் நூல் பிரிந்தது.

லவனிஷா வந்து குந்திக்கொண்டாள்.
நாய்க்குட்டி வேண்டுமா, உரித்துத் தரவா என்றேன்.
அடியில் அந்த வரி அப்படியே இருந்தது:
மோதலுக்குப் பின் பயன்படுத்தாதீர்.

"அது என்னோடது இல்லப்பா" என்றாள்.
"நான் பூனைதான் ஒட்டுவேன்."