கணக்கன் விழுந்தான்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
ஊர், சர்வே எண், பரப்பு, எல்லைகள் என்று போய்
கடைசியில், விரல் அகலத்தில்,
பெயர்க் காரணம்.
தக்கலை ஆபீசில் இதை நிரப்ப
ஆறு மாதத் தற்காலிக வேலை எனக்கு.

சானல் திரும்பும் இடத்தில்
இரண்டு அயினி மரம், இறங்கப் படி,
கொடியில் காயும் ரப்பர் ஷீட்டு.
இவ்வளவுக்கும் சேர்த்து
கணக்கன்விழுந்தான் என்று பெயர்.

எந்தக் கணக்கன்?

"வரி போட வந்தவன். வழுக்கினான்.
வேற என்ன?"
மரச்சீனிக்கு மண் அணைத்தபடி செல்லக்கண்.
"வழுக்கினானாம்! தள்ளி விட்டதுல்லா"
என்று சைக்கிளை நிறுத்தாமலே
அப்புக்குட்டன் போய்விட்டார்.
லில்லிபுஷ்பம் மட்டும்
பிழிந்த சேலையை உதறிவிட்டுக் கேட்டாள்:
"விழுந்தான்னா தண்ணியிலயாக்கும்?
கால்ல விழுந்தான், பிள்ளே.
கூட்டி எழுதுன வரிக்கு
ஒரு பொம்பளைக்க கால்ல."

ஒரே வினைச்சொல்.
வழுக்கினால் விபத்து, தள்ளினால் வழக்கு,
காலில் என்றால்
எனக்கே கொஞ்சம் சந்தோஷம்.
கட்டம் விரல் அகலம்தான்.

பழைய பதிவேடு மலையாளத்தில்.
அதைத் தமிழில் பெயர்த்தவர்
சாப்பாட்டு நேரத்தில் எழுதியிருக்க வேண்டும்.
ணகரம் மெலிந்து, ஓர் ஒற்று உதிர்ந்து
கனகன்விழுந்தான்.
அதன் நகலோடு மார்த்தாண்டத்திலிருந்து
ஒருவர் வந்து நிற்கிறார்:
"கனகன் எங்க தாத்தாக்க தாத்தா.
படியும் சேத்து எங்களுக்கு உள்ளது."
எழுத்துப்பிழைக்குப் பிறந்த அந்தத் தாத்தாவுக்கு
மீசை இருந்ததாம்.
வில்வண்டிகூட இருந்ததாம்.

எல்லையைப் பார்த்துவிடலாம் என்று
நாடாவின் ஒரு முனையை அவரிடம் தந்து
பின்னாலேயே நடந்தேன்.
மேலிருந்து மூன்றாவது படி.

தண்ணீர் இடுப்பளவுதான்.
மை கரைந்து
ஆறு கட்டங்களும் நீலமாய்ப் போயின.
ஏழாவது தப்பித்தது,
அதில்தான் ஒன்றும் எழுதவில்லையே.
"முட்டு உரிஞ்சிச்சா?" என்று
கை நீட்டிய லில்லிபுஷ்பம்
சிரிப்பை அடக்கியதில்
அவளே விழப் பார்த்தாள்.

மறு மாதம் புதுப் படிவத்தோடு போனபோது
அயினி நிழலில் ஒரு பையன்
போனில் யாருக்கோ வழி சொல்கிறான்:
"கணக்கன்விழுந்தான் இல்லலே,
அதுக்கு இப்பறம்.
மேடம் விழுந்த படி. அங்க வந்து நில்லு."

மேடம் என்று யாரும் என்னைக்
கூப்பிட்டதில்லை அதுவரை.
படிக்கு சர்வே எண் கிடையாது,
படிவத்தில் வராது.
ஆனாலும் பிற்காலத்தில் எவளாவது
பேனாவும் கட்டமுமாய் வருவாள்.
எந்த மேடம் என்பாள்.
யார் காலில் என்பாள்.

அவளுக்காக ஓரத்தில் எழுதிக்
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்:
பாசி.