மூன்றால் வகுபடும் எண்

வோல்ஃபன்பியூட்டல், நவம்பர்.
ஓக்கர் ஆற்றின் மேல் படுத்த புகார்
பத்து மணியாகியும் எழும்பவில்லை.
ஆவணக் காப்பகத்தில் என் வேலை சுலபம்:
தாளை விரி, விளக்கின் கீழ் வை, படம் எடு,
மூலையில் பென்சிலால் இலக்கமிடு.
வாசிப்பதற்குச் சம்பளம் இல்லை.
வாசிக்கிறேன்.

கப்டன் யோஸ்ட் ஃபிக்கென்டே தன் கேணலுக்கு எழுதியவை,
கேணல் அவனுக்கு எழுதியவை,
இரண்டையும் ஒரே நாடாவில் கட்டியிருக்கிறார்கள்,
பேச்சுவார்த்தை இல்லாத தம்பதியை
ஒரே கட்டிலில் கிடத்தியதுபோல.

முதல் கடிதம், ஆயிரத்து எழுநூற்று எழுபத்தேழு, ஆடி மழைக்காலம்
(ஆடி என்பது என் கணக்கு, அவனுடையதல்ல):
"மேன்மை தாங்கிய ஐயா,
இந்தக் காடு முடிகிறதாய் இல்லை.
மரங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவதென்று
ஒருவனுக்கும் தெரியவில்லை.
நாற்பத்தொரு சோடி சப்பாத்து வேண்டும்."

கேணலின் பதிலில் சப்பாத்து இல்லை.
"காயம்பட்டவர் பட்டியலை அனுப்பு."

ஒப்பந்தம் அப்படி.
சிப்பாய்களை வாடகைக்கு விட்ட கோமகனுக்கு
செத்தவன் ஒருவனுக்கு இத்தனை வெள்ளி,
காயம்பட்டவர் மூவர் சேர்ந்தால்
ஒரு செத்தவன்.

பட்டியல் போகிறது. பதினான்கு பெயர்.
பெயருக்கு எதிரே தோள், முழங்கால், தாடை,
ஒருவனுக்கு மட்டும் "எல்லா இடமும்".
ஓரத்தில் காவிக்கட்டியால் கேணல்:
"பதினான்கு வகுபடாது. இரண்டு பேர் வீண்.
இன்னொருவனைத் தேடு.
முரசடிக்கிற பெடியன் லூடெக்கேக்குக்
குதிகாலில் பழைய புண் ஒன்று இருந்ததே,
அது திரும்பத் திறக்காதா?"

"ஐயா, அந்தப் புண் ஆறிவிட்டது.
நேற்று அவன் ஓடியே ஒரு முயலைப் பிடித்தான்.
பின்னங்கால் ஒன்று எனக்கும் கிடைத்தது."

"வெள்ளிக்கிழமைக்குள்."

அடுத்த தாளை விரித்ததும்
வேறு யாரோ எழுதியது என்று நினைத்தேன்.
எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடக்கிறது,
காற்று திசை மாறிய வயல்போல.
பிறகு கையொப்பம். அவனேதான்.
"பட்டியல் திருத்தப்பட்டது. பதினைந்து.
பதினைந்தாவது பெயர் என்னுடையது.
வலது கை, இரண்டு விரல்."

எப்படி என்று எழுதவில்லை.
படைப்பிரிவின் நாட்குறிப்பைப் புரட்டினேன்.
அந்த வாரம் முழுக்கச் சண்டை இல்லை:
மழை. மாவு குறைவு. மழை.
ஒரு கோடரி தொலைந்து, கிடைத்தது.

காவிக்கட்டி சொல்கிறது: "சரி."

பென்சிலை இடக்கைக்கு மாற்றி
முப்பத்தெட்டு என்று எழுதிப் பார்த்தேன்.
எட்டு கவிழ்ந்து விழுந்தது.
அழித்தேன்.
"இலக்கமெல்லாம் ஒழுங்காக வருகிறதா?" என்று
வாசலில் நின்று கேட்டார் திருமதி டெப்பர்வீன்.
வருகிறது என்றேன்.

எங்களையும் ஒருமுறை எண்ணினார்கள்,
முள்கம்பிக்கு அந்தப் பக்கம் மேசை போட்டு.
எதனால் வகுத்தார்கள் என்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மீதிக் கடிதங்கள் ஒன்பது.
எல்லாம் அந்தச் சாய்ந்த எழுத்தில்,
எல்லாம் சப்பாத்து.
நாற்பத்தொன்று முப்பத்தாறாகி,
முப்பத்தாறு இருபதாகிறது.
குறைவதற்குக் காரணம் சொல்வதில்லை அவன்,
கேணலும் கேட்பதில்லை.
"மேன்மை தாங்கிய" எங்கோ நடுவழியில் உதிர்ந்து
வெறும் "ஐயா" ஆகி,
கடைசித் தாளில் அதுவும் இல்லை:

"பதினோரு சோடி.
அதில் ஒன்று, போன முறை சொன்னதைவிட
இரண்டு விரற்கடை நீளமாக இருக்கட்டும்.
பெடியனுக்குக் கால் வளர்கிறது."