கூட்டுக் கணக்கு

காலையில் கூட்டைத் திறந்ததும்
தலைகளை எண்ணுவேன்.
எல்லாத் தலையும் உடம்போடு இருந்தால்
அன்றைக்கு நல்ல நாள்.

களக்காட்டுக்கு மேற்கே, கால்வாய் வளைகிற இடத்தில்,
ஏத்தன் வாழைக்கும் எங்கள் குளியலறைச் சுவருக்கும் நடுவில்
உடைந்த கட்டிலின் சட்டம், கம்பி வலை,
மேலே ஒரு தகரம்: அதுதான் கூடு.
தகரம் பறக்காமல் இருக்க அம்மிக்குழவி.
அம்மி எங்கே போனதென்று கேட்காதீர்கள்.

யார் வந்துபோனது என்று இப்போதெல்லாம்
அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லை.
எனக்கே வாசிக்க வரும்.
தலையை மட்டும் கொண்டுபோயிருந்தால் மரநாய்.
எங்கள் கழுத்தறுத்தான் கோழிக்கு
அதன் பெயரே எமனாக வந்தது.
கழுத்தில் இரண்டு பொட்டு, மற்றபடி தூங்குவதுபோல் கிடந்தால்
கீரி. தின்னக்கூட இல்லை, சவம்.
அடைக்கு வைத்த முட்டை ஓடுகூட மிஞ்சாமல் போனால்
பாம்பு; சாரையா நல்லதா என்று
குனிந்து பார்க்கிற துணிச்சல் எனக்கில்லை.

வைரி மட்டும் கையெழுத்துப் போடுவதில்லை.
முற்றத்தில் ஒரு நிழல் நழுவும்.
தாய்க்கோழியின் தொண்டைக்குள் கல் உருளும்.
எட்டுக் குஞ்சும் வாழைச் சருகுக்குள்.
ஒன்பதாவது
கத்திக்கொண்டே மலைப்பக்கம் போகும்,
பறக்கத் தெரியாமலே அவ்வளவு உயரத்தில்.

"பளபளன்னு எதையாச்சும் தொங்கவிடும்மா, கண்ணு கூசும்"
என்றார் பக்கத்து வீட்டு மீராசா.
எங்கள் கல்யாண சி.டி. மூன்றும்
முருங்கையில் சுழல்கின்றன.
மூன்றாம் நாள் வைரி அதே கொப்பில் உட்கார்ந்திருந்தது.
"ஏட்டி, படம் பாக்கு பாரு" என்றார் தவசிக்கனி,
லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
"நாம இன்னும் முழுசாப் பாக்கல."

வனக்காவலர் பொறிக்கூண்டு தந்தார்,
நெத்திலிக் கருவாடு கட்டச் சொல்லி.
முதல் ராத்திரி மாட்டியது மீராசா வீட்டுப் பூனை.
மறுநாள் பட்டப்பகலில் எங்கள் சேவலே,
உள்ளே நின்று அதிகாரமாகக் கூவிக்கொண்டு.
பிறகுதான் கீரி.
மூக்கைக் கம்பிக்குள் நுழைத்து
என்னை மோந்து பார்த்தது.
காவலர் கொண்டுபோய் அடிவாரத்தில் விட்டார்.
ஞாயிற்றுக்கிழமை கால்வாய்ப் படியில் ஒரு கீரி.
அதுவா, அதன் சொக்காரனா, தெரியவில்லை.
கீரி முகமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.
அதற்கு நம் முகமும் அப்படித்தானோ என்னவோ.

பால் சொசைட்டி நோட்டின் கடைசிப் பக்கங்களில்
தை மாதத்திலிருந்து எழுதிவருகிறேன்.
கீரி 3. மரநாய் 4. பாம்பு, முட்டை 17.
வைரி, குஞ்சு 8.
சாரல் பெய்த ஒரு மத்தியானம் கூட்டிப் பார்க்க எடுத்தால்
கீழே லாரிக்காரரின் கோணல் பென்சில் எழுத்து:

கொடைக்கு 2
திசையன்விளை மச்சான் வந்ததுக்கு 1
இவளுக்குக் காய்ச்சல், சூப்பு, 1
மச்சான் போகவில்லை, இன்னும் 1
சும்மா 4

அந்தச் சும்மாவில் கொஞ்ச நேரம் நின்றேன்.
மிளகு வறுத்த மணம்கூட ஞாபகம் வந்தது.
ரப்பர் தேடினேன், கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால் அழித்திருப்பேனா,
சொல்ல முடியாது.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
சீரகச்சம்பா வேகிற மணம்.
அந்த நேரத்தில் எங்கள் தெருவில் உலை வைப்பது
மரநாய் ஒன்றுதான்.
டார்ச்சோடு போனேன்.
சுற்றுச்சுவர்மேல் இரண்டு கங்கு.
நான் விரட்டவில்லை, அது ஓடவில்லை.
கூட்டுக்குள் அத்தனை கோழியும்
ஒரே கோழிபோல் ஒடுங்கி இருந்தன.
போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில்
கொண்டியை ஒருமுறை கழற்றி
மறுபடி மாட்டினேன்.

வெளிச்சத்தைத் திருப்பினால்
மரநாய் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்தைச் சாய்த்து
என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.